இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்

கொஞ்ச நாளைக்கு முன்புவரை, மாத்தளையில் மலைச் சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். எனக்கென்று ஒரு சைக்கிள் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார்கள். நானும் கூச்சமில்லாமல் பதில் சொல்வேன்.

என் பெயர் நிஸ்தார். டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மழை நாட்களில் கடைக்கு ஆள் வராது. அப்படி ஒரு மழை நாளில், போனில் எதையோ தேடப்போய், ஒரு வெள்ளைக்காரன் செங்குத்தான மலையிலிருந்து சைக்கிளில் இறங்கிவரும் வீடியோவில் போய் விழுந்தேன். பின்சக்கரம் கல்லிலும் வேரிலும் ஏறி இறங்குகிறது. அவன் மட்டும் கதிரையில் உட்கார்ந்தவன் மாதிரி அசையாமல் வருகிறான். முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் இருப்பதால்தான் அப்படி வரமுடிகிறதாம். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அதன்பிறகு இரண்டு வருடங்களாக, வாடிக்கையாளர் கண்ணாடி முன்னால் நின்று ஃபிரேம் போட்டுப் பார்க்கும் இடைவெளியில்கூட, நான் வேறொரு ஃபிரேமைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

எதிரே உள்ள வங்கியில் வேலை செய்யும் கிஷாந்த் ஒருநாள் கண்ணாடி வாங்க வந்தவர், என் போனைப் பார்த்துவிட்டார். அவரும் நண்பர்களும் சனிக்கிழமைகளில் சைக்கிளில் சுற்றுகிறவர்கள். தங்கள் வட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார். அதுதான் அவர் செய்த பிழை. ஒரு மாதத்துக்குள் நான் அந்தக் குழுவின் பேராசிரியர் ஆகிவிட்டேன். யாராவது "செயின் சத்தம் போடுது" என்று ஒரு வரி எழுதினால், நான் மூன்று பந்தி எழுதுவேன்.

அதிகமாக நான் கொடுத்த அறிவுரை ஒன்றுதான். கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறதென்றால் இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் பக்கமே போகாதீர்கள். அந்தக் காசுக்கு முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள நல்ல சைக்கிளே வாங்கலாம். பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த மலிவுச் சைக்கிள் பாரம் கூடியது. ஏற்றத்தில் நாம் மிதிக்கிற பலத்தில் பாதியை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். பழுதானால் இலங்கையில் சாமான் தேடி அலைய வேண்டும். கிஷாந்த் இதைக் கேட்டுத்தான் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஒரு பச்சை நிறச் சைக்கிளை எடுத்தார். சந்தோஷமாக ஓட்டிக்கொண்டும் இருந்தார்.

அறிவுரை மற்றவர்களுக்கு. ஆசை என்று வந்தபோது எனக்கு அந்த வெள்ளைக்காரனின் பின்சக்கரம்தான் கண்ணில் நின்றது.

என் மனைவி ஸில்மியாவிடம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, விஷயத்தைத் தொடங்கினேன்.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள்.

"தெரியாமலா இவ்வளவு பேருக்கும் சொல்லிக் குடுக்குறேன்?"

"சொல்லிக் குடுக்க ஏலும். ஓட்ட ஏலுமா?"

"ஸ்கூல் போன காலத்துல ஓட்டினதுதானே. அது மறக்காதாம்."

"அது மறக்காது. ஒங்கட வயிறு அப்ப இல்லயே."

கடைசியில் அவள்தான் இரங்கினாள். அவளுக்கு விழுந்த சீட்டுக் காசில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைத்தாள். "இதுக்கு மேல ஒரு சல்லியும் இல்ல. கடையிலருந்தும் எடுக்கக் கூடாது" என்றாள். அது கண்டியில் ஒரு கடையில் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, நல்ல, புதிய சைக்கிள் வாங்கச் சரியாகப் போதும். கிஷாந்த் அந்தச் சைக்கிளின் படத்தையே அனுப்பிவைத்தார். "நாநா, நீங்க எங்களுக்குச் சொல்ற மாதிரியே ஒன்னு" என்று எழுதியிருந்தார். அவர்களுக்கு நான் 'நாநா', அண்ணன். யோசிக்கிறேன் என்று பதில் போட்டேன். யோசிக்கவே இல்லை. விளம்பரங்களில் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள வில்கமுவையிலிருந்து அந்த விளம்பரம் வந்தது. நெல் மூட்டைகளில் சாய்த்து வைத்த சிவப்புச் சைக்கிள். பின்பக்கம், இருக்கைக்குக் கீழே, தடித்த ஷொக் அப்சோபர். பெயர் கேள்விப்பட்ட கம்பெனி. விலை, என் கையில் இருந்ததற்குள்ளேயே அடங்கியது. இவ்வளவு மலிவாக ஏன் விற்கிறார்கள் என்ற கேள்வியைக் குழுவில் வேறு யாராவது கேட்டிருந்தால் நான் மூன்று பந்தி எழுதியிருப்பேன். என்னிடம் நானே கேட்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். குழுவில் அறிவித்தேன். "சனிக்கிழமை வில்கமுவைக்குப் போய் எடுக்கிறேன். அங்கிருந்து மலையேறி ஓட்டியே வருகிறேன். நீங்கள் ரத்தோட்டைப் பக்கமாக ஏறி வாருங்கள். ரிவர்ஸ்டன் உச்சியில் சந்திப்போம்." வரைபடத்தில் விரலால் பார்த்தபோது தூரம் விரலின் அகலம்தான் இருந்தது. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். கிஷாந்த் மட்டும், "நாநா, அந்தப் பக்க ஏத்தம் பெரிசு" என்று எழுதினார். "ஃபுல் சஸ்பென்ஷன் இருக்கிறதுதானே" என்று பதில் எழுதினேன். ஏற்றத்தில் அதுதான் எதிரி என்று எழுதிய அதே விரல்களால்.

சனிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறினேன். ரத்தோட்டை தாண்டி, தேயிலையையும் பனிமூட்டத்தையும் தாண்டி, மலையின் மறுபக்கம் பஸ் இறங்க ஆரம்பித்தது. இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த வழியாகத்தான் திரும்பி ஏறி வரப்போகிறேன் என்பது ஒவ்வொரு வளைவிலும் ஞாபகம் வந்தது. கண்ணை மூடித் தூங்குவதுபோல இருந்தேன். பல்லேகமவில் இன்னொரு பஸ், அதற்குப் பிறகு ஒரு த்ரீவீலர், கடைசியில் வயலுக்கு நடுவே ஒரு வீடு.

சைக்கிளை விற்கும் அம்மாவின் பெயர் நோனா. ஐம்பது வயதிருக்கும். மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நெல் வைக்கும் அறையிலிருந்து சைக்கிளை உருட்டி வந்தார். நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில்: அவருக்கு நான் 'மாத்தயா', ஐயா; எனக்கு அவர் 'அக்கே', அக்கா. சைக்கிள் அவருடைய மகனுடையது. மகன் வேலைக்குக் கொரியா போய்விட்டான்.

"மாத்தயா, மகன் ஒரு விஷயத்தை வாங்க வர்றவங்ககிட்டக் கட்டாயம் சொல்லணும்னு சொல்லியிருக்கான்" என்றார். "இதில உட்கார்ந்தா பின்னால தாழுது. சத்தமும் வருது."

நல்ல மனிதர். வியாபாரத்தில் இப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. நான் என்ன செய்திருக்க வேண்டும்? குனிந்து பார்த்திருக்க வேண்டும். நான் செய்தது, ஒரு சின்ன விரிவுரை.

"அக்கே, அது தாழத்தான் வேணும். ஆள் ஏறினதும் கொஞ்சம் தாழ்ற மாதிரித்தான் இதைச் செய்றாங்க. தாழாட்டித்தான் கவலைப்படணும்."

"அப்ப அது நல்லதா?"

"ரொம்ப நல்லது."

"மகன் கெட்டதுன்னுதானே சொன்னான்."

"மகனுக்கு இதில அவ்வளவு விளக்கம் இல்லாம இருக்கலாம்" என்றேன். அந்தப் பையன் அந்தச் சைக்கிளில் மாவட்டப் போட்டிகளில் ஓடியவன். சுவரில் பதக்கங்கள் தொங்கிக்கொண்டிருந்ததைக் காசைக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன்.

நோனா என்னை ஒருமுறை பார்த்தார், சைக்கிளை ஒருமுறை பார்த்தார். "விலையைக் கொஞ்சம் குறைக்கட்டா?" என்று கேட்டார். கண்ணாடிக் கடைக்காரனான நான், வாழ்நாளில் முதல்முறையாக, "தேவையில்லை" என்றேன்.

முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். முதல் பாதி நன்றாக இருந்தது. மறுபாதியில் நாய் துரத்தியதால் வேகமாகவும் இருந்தது. பின்பக்கத்தில் 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். மத்தியானம் ஒரு பஸ் வரும், கொண்டக்டரிடம் சொல்லி மேலே போட்டு அனுப்பிவிடலாம் என்று நோனா மன்றாடினார். நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன்.

வயல்களுக்கு நடுவே சமதரை. அந்தப் பகுதியைப் பற்றி நான் பெருமையாகவே சொல்லலாம். காற்று முகத்தில் பட்டது. உழவு மெஷினில் போனவர்கள் கை காட்டினார்கள். நானும் ஒரு கையை எடுத்துக் காட்டினேன், கிட்டத்தட்ட வாய்க்காலுக்குள் போனேன். நாற்பத்து நான்கு வயதில், எப்போதும் ஓரத்தில் நின்று மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த ஆள், கடைசியில் தானே ஒரு இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.  

பிறகு ஏற்றம் வந்தது.

நான் ஒரு மிதி மிதித்தால் சைக்கிள் ஒருமுறை குனிந்து எழுந்தது. மிதி, குனிவு. மிதி, குனிவு. எனக்கு மரியாதை செய்துகொண்டே இருந்ததே தவிர, முன்னே போகவில்லை. தோளில் மண்வெட்டியோடு நடந்துவந்த ஒருவர் என்னைப் பின்னாலிருந்து பிடித்தார், கொஞ்சநேரம் பக்கத்தில் நடந்தார், பிறகு தாண்டிப் போனார். தாண்டியதற்காக அவரே வெட்கப்பட்டது போலத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் கியரை மாற்றுவது போல நடித்தேன். மாற்ற இனிமேல் கீழே கியர் இருக்கவில்லை.

ஒரு மதகைத் தாண்டியதும் பின்னால் 'டொக்' என்பது 'டக்' என்று மாறியது. அடுத்த நொடி, 'ஸ்ஸ்ஸ்' என்று நீண்ட பெருமூச்சு. என் கெண்டைக்காலில் கறுப்பு எண்ணெய் தெறித்தது. இருக்கை என்னோடு சேர்ந்து கீழே போயிற்று. பின்டயர் ஃபிரேமில் முட்டி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தேன். சைக்கிள், பின்னங்காலை மடக்கி உட்கார்ந்த மாடு மாதிரி இருந்தது.

மதகுக் கட்டில் உட்கார்ந்தேன். இந்த நிலையில் என்ன செய்வது என்று குழுவில் யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று பட்டது. யாரும் கேட்கவில்லை. சிக்னலும் இல்லை.

வெகுநேரம் கழித்து ஒரு சின்ன லொறி வந்து நின்றது. பின்னால் நிறைய வட்டக்காய் என்கிற பூசணி. ஓட்டுநர் ஜீவராஜ், ரத்தோட்டைப் பக்கம். வில்கமுவைத் தோட்டங்களில் மரக்கறி வாங்கி ரத்தோட்டைக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்.

"என்னாங்க நாநா, சைக்கிள் படுத்துருச்சா?"

"ஷொக் பெய்த்து" என்றேன், போய்விட்டது என்ற அர்த்தத்தில்.

"ஷொக் அடிச்சிருச்சா? நடு ரோட்டுல ஏதுங்க கரண்டு?"

விளக்கினேன். அந்த நிலையிலும் ஷொக் அப்சோபர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஜீவராஜ் பொறுமையாகக் கேட்டார். "சரிங்க, அதெல்லாம் போகப் போகச் சொல்லுங்க. மொதல்ல ஏறுங்க" என்று சைக்கிளைத் தூக்கி வட்டக்காய்க்கு மேலே படுக்கவைத்தார்.

லொறி ஏறியது. பாதிவழியில் போனுக்கு உயிர் வந்து, செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நண்பர்கள் உச்சிக்கு வந்துவிட்டார்கள். 'நாநா எங்கே?' 'நாநா ஓகேயா?' 'நாநா வரும்வரை கீழே இறங்குவதில்லை.' கிஷாந்த் ஒரு படமும் போட்டிருந்தார்: காற்றில் தலைமுடி பறக்க எல்லோரும் வரிசையாக நின்று, நான் வரவேண்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையை எழுதியிருக்கலாம். 'கடைசி ஏற்றத்தில் இருக்கிறேன்' என்று எழுதினேன். அது பொய்யில்லை. லொறி கடைசி ஏற்றத்தில்தான் இருந்தது.

உச்சி நெருங்கும்போது ஜீவராஜிடம், "அந்த வளைவுக்கு முன்னால நிப்பாட்ட ஏலுமா?" என்று கேட்டேன்.

"ஏங்க, மேலயே எறக்கி விட்டுர்றேனே."

"இல்ல, இங்கயே."

அவர் என்னைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார்.  நிறுத்தி இறங்கி, லொறி உருளாமல் பின்சில்லுக்குக் கீழே ஒரு கட்டையை வைத்தார். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த, நல்ல பலமான மரக்கட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. ஷொக்கின் இடத்தில் அந்தக் கட்டையைச் செருகினால் சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்.

"ஜீவராஜ், இந்தக் கட்டய தர ஏலுமா? ரத்தோட்டையில வச்சித் திருப்பித் தாரேன்."

"நாநா, இது சில்லுக்கு வைக்கிற கட்டைங்க. ஹேண்ட் பிரேக் சரியில்ல."

"கொஞ்ச நேரத்துக்குத்தான்."

மனமில்லாமல் கொடுத்தார். சில்லுக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். நான் கட்டையைச் செருகி, லொறியில் கிடந்த பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினேன். சைக்கிள் நிமிர்ந்தது. ஜீவராஜ் ஊற்றி மிஞ்சிய தண்ணீரை வாங்கி என் தலையிலும் சட்டையிலும் ஊற்றிக்கொண்டேன், வியர்வை மாதிரி இருக்கட்டும் என்று. ரிவர்ஸ்டன் காற்றில் ஈரச் சட்டையோடு நிற்பது எப்படி இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. பல் கிட்டிக்கொண்டது. அதுவும் களைப்பு மாதிரித்தான் தெரியும் என்று ஆறுதல்பட்டுக்கொண்டு மிதித்தேன்.

வளைவைத் திரும்பினேன். கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். யாரென்றே தெரியாத சுற்றுலாக் குடும்பம் ஒன்றும் சேர்ந்து கைதட்டியது. கிஷாந்த் போனை நீட்டி வீடியோ எடுத்தபடி ஓடிவந்தார்.

"நாநா! அந்தப் பக்கத்தால முழுசா ஏறி வந்துட்டீங்களே! எப்பிடி இருந்துச்சு?"

இங்கே சிரித்துவிட்டுத் தண்ணீர் கேட்டிருக்கலாம். எவ்வளவோ செய்திருக்கலாம்.

"ஏத்தத்துல பின் சஸ்பென்ஷனப் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க" என்று வீடியோவைப் பார்த்துச் சொன்னேன். "ஆனா நல்ல சைக்கிளா இருந்தா அது ஆடவே ஆடாது. பாருங்க." இருக்கையைக் கையால் அமுக்கிக் காட்டினேன். ஆடவில்லைதான். "இந்தச் சைக்கிள்ல பின்பக்கம் கல்லு மாதிரி உறுதி."

அப்போதுதான் பின்னாலிருந்து ஹோர்ன் சத்தம். வட்டக்காய் லொறி வளைவைத் திரும்பி எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜீவராஜ் இஞ்சினை நிறுத்தாமல், காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு தலையை நீட்டினார்.

"நாநா, மன்னிச்சுக்கங்க. கல்லு வச்சுப் பாத்தேன், வழுக்குதுங்க. இனி முழுக்க எறக்கம். அந்தக் கட்டை இல்லாம எங்கயும் நிப்பாட்ட ஏலாது. கழட்டித் தர்றீங்களா?"

"எந்தக் கட்டை?" என்று கிஷாந்த் கேட்டார். போன் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

நான் முழங்காலிட்டேன். ரப்பரை அவிழ்க்க நேரம் பிடித்தது. குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது.  கட்டையை உருவியதும் சைக்கிள் 'ஸ்ஸ்' என்று என் கண் முன்னாலேயே உட்கார்ந்தது.

"நாநா, லொறியிலயா வந்தீங்க?"

"கடைசிப் பகுதிய மிதிச்சுத்தான் வந்தேன்."

"எங்க இருந்து?"

நான் வாயைத் திறக்குமுன் ஜீவராஜ் உதவிக்கு வந்தார். "அந்தா, அந்தப் பாறை தெரியுது பாருங்க. அதுக்கு அந்தப் பக்கம்." அதோடு நிற்கவில்லை. "தண்ணி ஊத்திக்கிட்டு வந்தாரு" என்றும் சேர்த்துக்கொண்டார். அவருக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்ற கவலை.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. சுற்றுலாக் குடும்பத்து அம்மாவாக இருக்கலாம். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் வீதியோரத்தில் உட்கார்ந்தேவிட்டார். நான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மலையிலிருந்து குதித்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். பனி மூடியிருந்ததால் எங்கே குதிப்பது என்றும் தெரியவில்லை. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல் கிட்டியிருந்ததால் அது சிரிப்பா நடுக்கமா என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கிஷாந்த் தன் காற்றுச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார். பிறகு பச்சைச் சைக்கிளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"என்னோடதுல எறங்குங்க. நான் ஒங்க சைக்கிளோட லொறியில வாரேன்."

"வேணாம் கிஷாந்த். நான் வட்டக்காயோட போறேன். அதுதான் எனக்குப் பொருத்தம்."

"நாநா, எவ்வளவு நாளா வீடியோ பாத்தீங்க? ஒருக்காவாவது எறங்குங்க. பிரேக்க இறுக்கிப் பிடிக்காதீங்க, அவ்வளவுதான்."

எனக்குச் சைக்கிளைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிக் கொடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. தலையாட்டிவிட்டு ஏறினேன்.

ரத்தோட்டைக்கு இறங்கும் வீதியைப் பற்றி என்னிடம் வீடியோ எதுவும் இல்லை. எல்லோரும் என்னை நடுவில் விட்டு, முன்னும் பின்னுமாக வந்தார்கள். முதல் வளைவில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் அலறியது, நானும். இரண்டாவதில் கொஞ்சம் விட்டேன். பனி விலகி, கீழே தேயிலை தெரிய ஆரம்பித்தது. காற்று சட்டைக்குள் புகுந்து வயிற்றைச் சுற்றிவந்தது. வளைவில் உடம்பு தானாகச் சாய்ந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பின்னால் வந்தவர்களும் கத்தினார்கள். அந்தப் பச்சைச் சைக்கிள் அவ்வளவு லேசாக, அவ்வளவு சொன்னபடி கேட்டது. என் அறிவுரை நல்ல அறிவுரைதான். கேட்காத ஆள் நான் ஒருவன்தான்.

ஒரு தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில், கொழுந்துக் கூடையோடு போன பெண்களுக்குக் கை காட்டப்போய், நேரே வீதியோர வடிகால் கானுக்குள் இறங்கினேன். தண்ணீர் அதிகமில்லை. சேறு நிறைய. முழங்காலில் தோல் உரிந்தது. என்னைத் தூக்கிவிட வந்தவர்கள் முதலில் பார்த்தது கிஷாந்தின் சைக்கிளைத்தான். அது சரியானதுதான்.

வீட்டுக்கு வருவதற்கு முன்பே வீடியோ வந்துவிட்டது. கிஷாந்தின் மனைவிதான் அதை ஸில்மியாவுக்கு அனுப்பியிருக்கிறாள். கதவைத் திறந்தபோது ஸில்மியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாராவது மௌத்தாகிவிட்டார்களோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். மகள் அம்றா, "உம்மா, கட்டைய உருவுற எடத்த இன்னொருக்காப் போடுங்க" என்றாள்.

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஸில்மியா அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். மருந்து பூசிக்கொண்டே கேட்டாள்: "சரி, கல்லு மாதிரி உறுதின்னு சொன்னீங்களே, அதுதான் வீடியோவுல ஈக்கி. ஓட்டினது எங்க?"

அது வீடியோவில் இல்லை. அதனால் சொன்னேன். பனி, வளைவுகள், கத்தியது, கான் எல்லாம் சொன்னேன். விளக்கம் எதுவும் சேர்க்காமல் நடந்ததை மட்டும் சொல்வது எனக்குப் புதிதாக இருந்தது. மருந்துப் போத்தலை மூடிவைத்த பிறகும் அவள் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் நோனாவுக்குப் போன் எடுத்தேன். என்ன கேட்பது என்று மனதுக்குள் நன்றாகத் தயார்செய்துகொண்டுதான் எடுத்தேன். "அக்கே, பின்னால முழுசா உட்கார்ந்துட்டுது" என்றேன்.

"நான் சொன்னேனே மாத்தயா. நீங்கதான் அது ரொம்ப நல்லதுன்னீங்க."

தயார்செய்த வசனங்களை எல்லாம் விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைவிட அதிகம் வருத்தப்பட்டார். சைக்கிளைக் கொண்டுவந்தால் காசைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் கொண்டுபோவதென்றால் அந்த மலையை மறுபடி தாண்ட வேண்டும். அதைவிட நட்டப்படுவது சுகம். "பரவாயில்லை அக்கே, மகனைக் கேட்டதாகச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

கொழும்பில் விசாரித்ததில், அந்த ஷொக்குக்குக் கேட்ட விலையில் இன்னொரு சைக்கிள் வாங்கிவிடலாம் போலிருந்தது. கடைசியில் ஒரு தச்சரிடம் கொடுத்து, ஷொக்கின் அளவுக்குப் பலா மரத்தில் ஒரு துண்டு கடைந்து வாங்கிப் பொருத்தினேன். ஆக இப்போது என்னிடம் இருப்பது, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள். அதுவும் சாதாரணமானதைவிடப் பாரம் கூடியது. குழுவில் கேள்வி வந்தால் இப்போது வேறு யாராவது பதில் சொல்கிறார்கள். பாதிக்கு மேல் பிழை. நான் விரலைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

முழங்கால் ஆறியதும் வந்த சனிக்கிழமை, நாலந்தாவுக்குப் போனோம். எனக்காகத்தான் பெரிய ஏற்றம் இல்லாத வழியாகப் பார்த்திருக்கிறார்கள். யாரும் அதைச் சொல்லவில்லை. ஏ-9 வீதியில் லொறிகள் என்னை ஒதுக்கி ஒதுக்கிப் போக, நான் ஓரமாக மிதித்தேன். பாதிவழியில் எல்லோரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். ஒருமுறை செயின் கழன்றது. அதை மாட்டுவது எப்படி என்று நான் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். என் கையால் மாட்டியபோது முழங்கைவரை கறுப்பாகிவிட்டது. மழையும் ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தது.

நாலந்தாச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. உள்ளே எல்லோரும் குடித்து முடித்து, ஏதோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கைதட்டவில்லை. கிஷாந்த் பேச்சை நிறுத்தாமலே பக்கத்துக் கதிரையைக் காலால் எனக்குத் தள்ளிவிட்டார். மேசையில், சோசர் போட்டு மூடியபடி ஒரு பிளேன்டீ இருந்தது.

ஆறிப்போயிருந்தது. அவசரத்தில் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு, மீதியைக் குடித்தேன்.